இணைய ஏலமும் அட்டைத் தரகும்

தமிழில் 'ஏலம்' என்னும் சொல் இரண்டு பொருள் தந்து நிற்கிறது. ஒன்று பாயசத்துக்கு மணமூட்டுவது. மற்றொன்று கூவி விற்பது. பின்னது கடல் கடந்து வந்த சொல். போர்ச்சுகீசியரின் 'லெய்லாவ்' என்ற சொல்லே தமிழ் நாவில் 'ஏலம்' ஆயிற்று என்று சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி காட்டுகிறது. அந்தப் போர்ச்சுகீசியச் சொல்லுக்கும் மூலம் 'அறிவித்தல்' என்ற பொருளுடைய ஓர் அரபுச் சொல் என்பர் மொழிநூலார். அதே சொல் மலாய் மொழியில் புகுந்து 'லேலோங்' ஆயிற்று. சிங்கப்பூரின் இரவுச் சந்தைகளில் "லேலோங், லேலோங்" என்று கூவும் குரலைக் கேளாத தலைமுறை இல்லை. தமிழரின் ஏலமும் மலாய்க்காரரின் லேலோங்கும் ஒரு தாய் பெற்ற பிள்ளைகள் என்பதை வகுப்பறையில் சொன்னால் மாணவர் வியப்பர்.

இந்தச் சொல் இப்போது மூன்றாம் முறையாகக் கடல் கடந்திருக்கிறது. சிராங்கூன் சாலைக்கு அருகில் ஒரு வீட்டு மாடியில் இருப்பவர் பழைய பித்தளை விளக்கொன்றைப் படம் பிடித்து இணையத்தில் ஏலம் விடுகிறார். லண்டனில் ஒருவரும் டர்பனில் ஒருவரும் விலையை ஏற்றிக்கொண்டே போகிறார்கள். குறித்த நேரம் முடிந்ததும் ஏலம் முடிகிறது. சம்மட்டி இல்லை, கூவலும் இல்லை. அதற்குப் பிறகுதான் கேள்வி எழுகிறது. விளக்கு இங்கே, பணம் அங்கே. அந்தப் பணம் எவ்வழியாக வந்து சேரும்? வழியில் நிற்பவர்கள் எவர் எவர்? ஒவ்வொருவரும் எவ்வளவு எடுத்துக்கொள்கிறார்கள்? ஏலத்தில் கேட்ட தொகையும் கைக்கு வந்த தொகையும் ஏன் ஒன்றாக இருப்பதில்லை?

மீன் ஏலத்தையோ கோயில் ஏலத்தையோ பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். அங்கே பொருளும் பணமும் ஆளும் ஒரே இடத்தில் நிற்கின்றன. வாங்குபவரை விற்பவருக்குத் தெரியும். தெரியாவிட்டாலும் முகத்தைப் பார்க்கலாம். இணைய ஏலம் இம்மூன்றையும் பிரித்துவிட்டது. பிரிந்த மூன்றையும் மறுபடி ஒட்டவைக்கும் பசைக்குக் கொடுக்கும் விலைதான் கட்டணம். அந்தப் பசை எப்படி உண்டாயிற்று என்பதற்கு ஒரு வரலாறு உண்டு.

அஞ்சலில் வந்த காசோலை

1995ஆம் ஆண்டு செப்டம்பரில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் பியர் ஒமிட்யார் என்ற கணிப்பொறி வல்லுநர் 'ஆக்ஷன்வெப்' என்ற பெயரில் ஓர் ஏலத் தளத்தைத் தொடங்கினார். அதுவே பின்னர் 'ஈபே' ஆயிற்று. அங்கே முதலில் விலைபோன பொருள் உடைந்துபோன ஒரு லேசர் சுட்டுக்கருவி. விலை 14 டாலர் 83 காசு. உடைந்த பொருளை வாங்குவதற்கும் உலகில் ஒருவர் இருக்கிறார் என்பதே அந்த வாணிகத்தின் முதற் பாடம்.

அந்நாளில் ஏலத்தில் வென்றவர் காசோலை எழுதி அஞ்சலில் அனுப்புவார். அல்லது அஞ்சலகப் பணவிடை வாங்கி அனுப்புவார். அது வந்து, வங்கியில் செலுத்தப்பட்டு, மாறிய பின்னரே விற்பவர் பொருளை அனுப்புவார். ஒரே நாட்டுக்குள்ளேயே ஒரு வாரம், பத்து நாள் ஆகும். அயல்நாட்டுக் காசோலையாயின் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். மாற்றித் தரும் வங்கி தனக்குரிய கூலியையும் பிடித்துக்கொள்ளும். இருபது வெள்ளிப் பொருளுக்கு வந்த காசோலையை மாற்றுவதற்கே அதில் பெரும்பகுதி போய்விடும் என்றால் எவர் விற்பார்?

கடன் அட்டை அப்போதே உலகெங்கும் இருந்தது. ஆயினும் அது கடைக்காரர்களுக்கு உரியதாக இருந்தது. அட்டையை ஏற்க வேண்டுமானால் வங்கியில் வணிகர் கணக்கு ஒன்று திறக்க வேண்டும். அதற்கு வணிகப் பதிவு, கடையின் முகவரி, சில வேளை வைப்புத்தொகை, மாத வாடகைக்கு ஒரு கருவி ஆகியவற்றை வங்கி கேட்கும். ஞாயிற்றுக்கிழமைதோறும் இரண்டு பழந்தபால்தலை விற்கும் ஓய்வுபெற்ற எழுத்தருக்கு எந்த வங்கி வணிகர் கணக்குத் தரும்?

இந்த இடைவெளியில் புகுந்தவர்களே இணையப் பணத் தரகர்கள். 1998ஆம் ஆண்டு இறுதியில் மேக்ஸ் லெவ்சின், பீட்டர் தியல் முதலியோர் தொடங்கிய 'கன்ஃபினிட்டி' என்ற நிறுவனமும், எலான் மஸ்க்கின் 'எக்ஸ்.காம்' என்ற நிறுவனமும் 2000ஆம் ஆண்டு மார்ச்சில் இணைந்தன. 2001இல் 'பேபால்' என்ற பெயரை ஏற்றன. ஏற்பாடு எளிது. வங்கியின் முன்னே வணிகராக நிற்பது பேபால். அதன் நிழலில் ஆயிரமாயிரம் சிறு விற்பனையாளர்கள். ஒவ்வொருவருக்கும் வணிகர் கணக்கு வேண்டியதில்லை. ஒரு மின்னஞ்சல் முகவரி போதும். அட்டைக்காரரிடம் பேபால் வாங்கி விற்பவர் கணக்கில் வைக்கும்.

தொடக்கத்தில் இந்தத் தொண்டை அவர்கள் இலவசமாகவே செய்தார்கள். அதுமட்டுமா! புதிதாகச் சேருபவருக்குப் பத்து டாலர், சேர்த்துவிட்டவருக்குப் பத்து டாலர் என்று அள்ளியும் கொடுத்தார்கள். ஆனால் வாங்குபவர் அட்டையால் செலுத்தும் ஒவ்வொரு முறையும் அட்டை வங்கிகளுக்குத் தரகு கொடுத்தாக வேண்டும். வருவாய் இல்லை, செலவோ நாள்தோறும் வளர்ந்தது. போதாக்குறைக்குத் திருட்டு அட்டைக்காரர்கள் வேறு. ஆகவே 2000ஆம் ஆண்டிலேயே விற்பனையாளரிடம் கட்டணம் வாங்கத் தொடங்கினார்கள். இலவசம் என்று வந்த எல்லாவற்றின் வரலாறும் ஏறத்தாழ இப்படித்தான் இருக்கிறது.

ஈபேயும் சும்மா இருக்கவில்லை. 1999இல் 'பில்பாயிண்ட்' என்ற நிறுவனத்தை வாங்கித் தன் ஏலக்காரர்களை அதன்பால் திருப்ப முயன்றது. ஏலக்காரர்களோ பேபாலை விடவில்லை. முடிவில் 2002ஆம் ஆண்டு 150 கோடி டாலர் பெறுமானத்துக்குப் பேபாலையே ஈபே வாங்கிக்கொண்டது. 2015இல் இரண்டும் பிரிந்தன. 2018இல் நெதர்லாந்தைச் சேர்ந்த 'அடியென்' நிறுவனத்தைத் தன் முதன்மைப் பணத் தரகராக அமர்த்திக்கொள்வதாக ஈபே அறிவித்தது. அதன்பின் வாங்குபவரின் பணத்தைத் தானே பெற்று, தன் கட்டணத்தைக் கழித்துக்கொண்டு, மிச்சத்தை விற்பவரின் கணக்குக்கு அனுப்பும் முறைக்குப் படிப்படியாக மாறியது. விற்பவர் பார்ப்பது இப்போது ஒரே ஒரு கழிப்பு. அந்த ஒன்றுக்குள் பலருடைய பங்கு ஒளிந்திருக்கிறது.

மார்க்கெட் ஸ்திரீட்டில் கற்ற பாடம்

அட்டைத் தரகு புதுமையானது என்று எண்ணுகிறவர்கள் சிங்கப்பூரின் மார்க்கெட் ஸ்திரீட்டை நினைக்க வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கு வந்த நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் அத்தெருவின் கிட்டங்கிகளில் அமர்ந்து கொடுக்கல் வாங்கல் நடத்தினார்கள். ஒரு நீண்ட கூடத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு பெட்டி, ஒரு சாய்வு மேசை, ஒரு பாய். தாங் சாலையில் 1859இல் எழுந்த தெண்டாயுதபாணி கோயில் அவர்களுடைய வழிபாட்டிடம். கிட்டங்கிகள் நகரமைப்புப் பணியில் மறைந்துவிட்டன, கோயில் நிற்கிறது.

அவர்கள் கையாண்ட கருவி உண்டியல். கோயிலில் காணிக்கை போடும் பெட்டியையன்று, பணமாற்றுச் சீட்டையே இங்கு இச்சொல் குறிக்கிறது. சிங்கப்பூரில் ஒரு செட்டியாரிடம் பணம் செலுத்தினால் அவர் சீட்டு எழுதித் தருவார். அச்சீட்டைக் காரைக்குடியிலோ ரங்கூனிலோ அவருடைய தொடர்புடைய கடையில் நீட்டினால் அங்கே பணம் கிடைக்கும். கண்டவுடன் பணம் தர வேண்டிய சீட்டுக்குத் தரிசன உண்டியல் என்று பெயர். சீட்டை மாற்றுவதற்குப் பிடிக்கும் கழிவுக்கு 'வட்டம்' என்ற நல்ல தமிழ்ச் சொல்லும் இருந்தது. ஈரூரிலும் உள்ள கடைகளுக்கிடையே உள்ள நம்பிக்கையே உண்டியலின் உயிர். காசு கப்பலில் போகவில்லை; கணக்கு மட்டுமே போயிற்று.

கடன் அட்டையும் இதுவேதான். லண்டனில் விளக்கை வாங்கியவர் தம் அட்டை எண்ணைக் கொடுக்கிறார். அந்த அட்டையை அவருக்குக் கொடுத்த வங்கி ஒன்று. அதை அட்டை வழங்கிய வங்கி எனலாம். சிங்கப்பூரில் விற்பவருக்காகப் பணத்தைப் பெற்றுத் தரும் வங்கி மற்றொன்று. அது பெறும் வங்கி. இவ்விரண்டையும் இணைக்கும் சாலை விசா, மாஸ்டர்கார்டு போன்ற வலையமைப்பு. பெறும் வங்கிக்கும் விற்பவருக்கும் நடுவே பேபால், ஸ்டிரைப் போன்ற தரகர். "இந்த அட்டை மெய்யானதா? இவ்வளவு தொகை இருக்கிறதா?" என்று சாலை வழியே ஒரு கேள்வி போகிறது, "ஆம்" என்று விடை வருகிறது. இதற்கு ஆவது ஓரிரு நொடி. பணம் கைமாறுவது பின்னர், கணக்கு நேர்செய்யும்போது.

நூறு வெள்ளிப் பொருளை விற்றவரிடம் பிடிக்கப்படும் தரகில் பெரும்பங்கு அட்டை வழங்கிய வங்கிக்குப் போகிறது. வங்கிகளுக்கிடைக் கட்டணம் என்று அதைச் சொல்லலாம். வாங்கியவருக்குச் சில வாரம் வட்டியின்றிக் கடன் கொடுத்ததற்கும், அவர் ஏமாற்றினால் வரும் இழப்புக்கும், அவருக்கு அளிக்கும் பரிசுப் புள்ளிகளுக்கும் உரிய விலை அது. பரிசுப் புள்ளிகளை வங்கி தன் கைப்பணத்திலிருந்து தருவதாக வாடிக்கையாளர் எண்ணுகிறார். தருபவர் தேக்காவில் பூக்கடை வைத்திருப்பவர் என்பதை எவரும் சொல்வதில்லை. அடுத்த சிறு பங்கு சாலைக்கு உரிய வலையமைப்புக் கட்டணம். மிச்சம் பெறும் வங்கிக்கும் தரகருக்கும்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. வங்கிகளுக்கிடைக் கட்டணத்தை ஒவ்வொரு வங்கியும் தனித்தனியே பேரம் பேசி வைப்பதில்லை. வலையமைப்பே எல்லா வங்கிகளுக்குமாக அட்டவணை போட்டு வைக்கிறது. நகரத்தார் கோயிலில் கூடித் தமக்குள் 'நடப்பு வட்டி' என்று ஒரு விகிதத்தைக் குறித்துக்கொண்ட வழக்கம் இங்கே நினைவுக்கு வரும். அவர்கள் கூடிய இடத்தையாவது ஊரார் அறிந்திருந்தார்கள்.

அட்டை பிறந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1950இல் நியூயார்க்கில் 'டைனர்ஸ் கிளப்' தோன்றியது. உணவகங்களிடம் அது நூற்றுக்கு ஏழு பிடித்தது. 1958இல் கலிபோர்னியாவின் ஃபிரெஸ்னோ நகரில் பாங்க் ஆஃப் அமெரிக்கா 60,000 பேருக்குக் கேளாமலே அட்டைகளை அஞ்சலில் அனுப்பிவைத்தது. அந்த அட்டையே 1976இல் 'விசா' என்று பெயர் மாறியது. இதன் கருத்தைத் தோட்டத்து மளிகைக் கடைக்கு வாடிக்கையாளராய் இருந்த எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. '555' என்று அட்டையில் அச்சிட்ட சிறு குறிப்பேட்டில் மாதமெல்லாம் கணக்கு எழுதி, சம்பள நாளில் தீர்ப்பது மலாயாவிலும் சிங்கப்பூரிலும் ஊரறிந்த பழக்கம். ஒரு வேறுபாடுதான். 555 ஏட்டில் கடன் கொடுத்தவர் கடைக்காரர். பணம் வாராவிட்டால் இழப்பும் அவருடையது. அட்டையில் கடன் கொடுப்பது வங்கி. கடைக்காரருக்கு ஓரிரு நாளில் பணம் வந்துவிடுகிறது. அந்த நிம்மதிக்கு அவர் தரகு கொடுக்கிறார்.

கணக்குப் பார்த்தல்

பொதுப்பேச்சை விட்டுக் கணக்குக்கு வந்தால் காரியம் தெளிவாகும். ஸ்டிரைப் நிறுவனம் சிங்கப்பூரில் உள்நாட்டு அட்டைகளுக்கு அறிவித்து வந்துள்ள பொது விகிதம் நூற்றுக்கு 3.4, அதனுடன் ஒவ்வொரு விற்பனைக்கும் 50 காசு. தரகருக்குத் தரகர் விகிதம் வேறுபடும். காலத்துக்குக் காலம் மாறவும் கூடும். ஆனால் 'விழுக்காடு ஒன்று, நிலையான காசு ஒன்று' என்ற கட்டமைப்பு பெரும்பாலும் மாறுவதில்லை. ஆகவே இதையே அளவுகோலாகக் கொள்ளலாம்.

நூறு வெள்ளிச் சேலைக்கு 3 வெள்ளி 40 காசும் 50 காசும் சேர்ந்து 3 வெள்ளி 90 காசு போகும். 500 வெள்ளி வீணைக்கு 17 வெள்ளி 50 காசு. அஃதாவது நூற்றுக்கு மூன்றரை. இவை தாங்கக் கூடியவை. 20 வெள்ளிப் புத்தகத்துக்கு 1 வெள்ளி 18 காசு. நூற்றுக்கு ஏறத்தாழ ஆறு. 5 வெள்ளித் தபால்தலைக்கோ 67 காசு, நூற்றுக்கு 13.4! பெரிய வணிகர் நூற்றுக்கு மூன்றரை கொடுக்க, சின்னஞ்சிறு பொருள் விற்பவர் பதின்மூன்றுக்கு மேல் கொடுக்கிறார். விகிதம் எல்லாருக்கும் ஒன்றுதான் என்று சொல்லப்படுவதைக் கேட்டு வாளாவிருந்துவிடக் கூடாது. நிலையான ஐம்பது காசே இந்த வேறுபாட்டைச் செய்கிறது. 14 வெள்ளி 70 காசுக்குக் குறைந்த விற்பனையில் விழுக்காட்டுப் பகுதியைவிட அந்த ஐம்பது காசே பெரிது.

இதற்கு எளிய மருந்து ஒன்று உண்டு; பலர் அறிவதில்லை. ஒரே ஆள் ஐந்து வெள்ளித் தபால்தலைகள் பத்தை ஏலத்தில் எடுத்திருக்கிறார் என்று கொள்க. பத்து முறை தனித்தனியே செலுத்தினால் கட்டணம் 6 வெள்ளி 70 காசு. பத்தையும் ஒரே பட்டியலாக்கி 50 வெள்ளியை ஒருமுறை செலுத்தச் செய்தால் 2 வெள்ளி 20 காசு. நாலரை வெள்ளி மிச்சம். அஞ்சற் செலவும் ஒன்றாகும்.

இன்னொரு கணக்கு வகுப்பறைக்கே ஏற்றது. கையில் சரியாக நூறு வெள்ளி நிற்க வேண்டுமென்று விரும்புகிறவர் என்ன விலை வைக்க வேண்டும்? நூறுக்குக் கட்டணம் 3.90 என்பதால் 103.90 என்பர் பெரும்பாலோர். தவறு. 103.90க்குக் கட்டணம் 4 வெள்ளி 3 காசு; கையில் நிற்பது 99 வெள்ளி 87 காசுதான். கூட்டிய தொகைக்கும் சேர்த்தே தரகு பிடிக்கிறார்கள் என்பதை மறந்ததால் வந்த பிழை. 100.50ஐ 0.966ஆல் வகுக்க வேண்டும். விடை 104 வெள்ளி 4 காசு. பதின்மூன்று காசு பெரிதா என்று கேட்கலாம். மாதம் முந்நூறு விற்பனை செய்பவருக்கு அது 39 வெள்ளி.

நிலைத்த விலைக்கு விற்பவர் இவ்வாறு கணக்கிட்டு விலை வைத்துக்கொள்ளலாம். ஏலக்காரருக்கு அந்த வாய்ப்பு இல்லை. விலையை வைப்பவர் அவரல்லர், கேட்பவர்கள். "விலை 40 வெள்ளி, அட்டையாயின் தரகு தனி" என்று மேலே ஏற்றிக் கேட்கவும் இயலாது. தரகை வாங்குபவர் தலையில் தனியே சுமத்துவதற்கு அட்டை வலையமைப்புகளின் விதிகள் சிங்கப்பூரில் பொதுவாக இடந்தருவதில்லை. ஏலத் தளங்களும் பொறுப்பதில்லை. ஆகவே ஏலக்காரருக்கு மிஞ்சும் ஒரே இடம் தொடக்க விலை. ஒரு பொருளை ஒரு வெள்ளியில் தொடங்கினால் கூட்டம் சேரும் என்பது உண்மையே. கூட்டம் சேராத நாளில் அது ஒரு வெள்ளிக்கே முடிந்தும் போகலாம். அப்போது 53 காசு தரகருக்கும், அதற்குமேல் ஏலத் தளத்துக்கும் போக, அஞ்சல் உறையின் விலைகூட மிஞ்சாது.

அஞ்சற் செலவில் ஒரு கண்ணி இருக்கிறது. விளக்கு 40 வெள்ளி, லண்டனுக்கு அனுப்ப 25 வெள்ளி. மொத்தம் 65 என்று கொள்க. கட்டணம் 40க்கு அல்ல, 65க்கு. 2 வெள்ளி 71 காசு போகும். அஞ்சலகத்துக்கு அப்படியே கொடுக்க வேண்டிய 25 வெள்ளியிலும் 85 காசு கழிந்துவிடுகிறது. அயல்நாட்டு அட்டையானால் மேற்கொண்டு அரை விழுக்காடு. ஏறத்தாழ 33 காசு. பவுனை வெள்ளியாக மாற்ற வேண்டி வந்தால் அதற்கும் தனிக் கழிவு. உள்ளூரில் ஐந்து விழுக்காட்டுக்கும் குறைவாகத் தெரிந்த கட்டணம் கடல் கடக்கும்போது எட்டு ஒன்பது என்று வளர்ந்து நிற்பதற்கு இந்தச் சிறு சிறு கழிவுகளே காரணம்.

திரும்பிப் போகும் பணம்

கட்டணத்தைக் கண்டு அஞ்சுகிறவர்கள் உண்மையில் அஞ்ச வேண்டியது வேறொன்று. அட்டையால் வந்த பணம் வந்த வழியே திரும்பிப் போகக் கூடும். "நான் இதை வாங்கவில்லை", "பொருள் வந்து சேரவில்லை", "படத்தில் கண்டது வேறு, வந்தது வேறு" என்று அட்டைக்காரர் தம் வங்கியிடம் முறையிட்டால், வங்கி அந்தத் தொகையை விற்பவர் பக்கத்திலிருந்து மீட்டெடுக்கும். பலவகை முறையீடுகளுக்கு 120 நாள் வரை தவணை உண்டு. தைப்பூசத்துக்கு விற்ற பொருளின் பணம் சித்திரையில் திரும்பிப் போகலாம். பொருள் போயிற்று, பணம் போயிற்று, அஞ்சற் செலவு போயிற்று, முறையீட்டைக் கையாண்டதற்குத் தரகர் தனிக் கட்டணமும் பிடிப்பார். விற்பவரே மனமுவந்து பணத்தைத் திருப்பித் தந்தாலும் முதலில் பிடித்த கட்டணத்தைப் பல தரகர்கள் திருப்பித் தருவதில்லை. 65 வெள்ளி விளக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்ட நல்ல மனத்துக்கு விலை 2 வெள்ளி 71 காசு.

கடையில் அட்டையை நேரில் செருகிச் செலுத்தியதற்கும் இணையத்தில் எண்ணை மட்டும் தந்து செலுத்தியதற்கும் பொறுப்பில் வேறுபாடு உண்டு. நேரில் செருகியதில் மோசடி நடந்தால் பெரும்பாலும் அட்டை வழங்கிய வங்கி தாங்கும். எண் மட்டும் தந்ததில் விற்பவரே தாங்குவது வழக்கம். இதைத் தணிக்க வந்ததே, செலுத்தும்போது கைத்தொலைபேசிக்கு வரும் ஒருமுறைக் கடவுச்சொல்லும் வங்கிச் செயலியின் ஒப்புதலும். அந்தச் சோதனையைக் கடந்த விற்பனையில் "நான் வாங்கவில்லை" என்ற முறையீட்டின் பொறுப்பு பொதுவாக வங்கியின் பக்கம் மாறும். "பொருள் வரவில்லை" என்ற முறையீட்டை அது தடுக்காது. அதற்குத் துணை, பின்தொடரும் எண்ணுள்ள பதிவு அஞ்சலின் சீட்டு ஒன்றே. சில காசு மிச்சம் பிடிப்பதற்காகச் சாதாரண அஞ்சலில் அனுப்பி, விளக்கின் முழு விலையையும் இழப்பது சிறு வணிகரிடம் அடிக்கடி காணும் தவறு.

விலையில்லா வழியும் அதன் விலையும்

அட்டைத் தரகைத் தவிர்க்கச் சிங்கப்பூரில் வேறு வழிகள் உண்டு. உள்ளூர் வங்கிகள் கூடி 1985இல் நிறுவிய 'நெட்ஸ்' முறையில் பணம் கடனாக அன்றி வைப்புக் கணக்கிலிருந்தே நேராகக் கழிகிறது. 2017ஆம் ஆண்டு ஜூலையில் 'பேநவ்' வந்தது. கைத்தொலைபேசி எண்ணையோ அடையாள எண்ணையோ குறித்தால் ஒரு வங்கியிலிருந்து மற்றொரு வங்கிக்குப் பணம் நொடியில் போய்ச் சேரும். தனிமனிதருக்கிடையே கட்டணம் இல்லை. 2018ஆம் ஆண்டு செப்டம்பரில் வந்த 'எஸ்ஜி-கியூஆர்' பலவகைக் கட்டங்களை ஒரே கட்டத்துக்குள் அடக்கியது. தேக்கா சந்தையில் வெற்றிலைக் கடையிலும் அந்தக் கருப்பு வெள்ளைக் கட்டம் ஒட்டியிருப்பதை இன்று காணலாம். 2023ஆம் ஆண்டு பிப்ரவரி 21 அன்று இந்தியாவின் 'யுபிஐ' முறையுடன் பேநவ் இணைக்கப்பட்டது. ஊருக்குப் பணம் அனுப்பும் தொழிலாளருக்கு அது பெரும் உதவி. ஆனால் அது குடும்பச் செலவுக்கும் அன்பளிப்புக்கும் தனியாள் அனுப்பும் வழியாக வகுக்கப்பட்டது. ஏல வாணிகத்துக்கு உரிய பாதை அன்று.

2012இல் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழக மாணவர் மூவர் தொடங்கிய 'கேரொசெல்' தளத்தில் ஏலத்தைவிடப் பேரமே மிகுதி. பேரம் முடிந்தபின் லிட்டில் இந்தியா எம்.ஆர்.டி. நிலைய வாயிலில் சந்தித்து, பொருளைப் புரட்டிப் பார்த்து, பேநவ்வில் பணம் தருவது இளைஞரிடையே சாதாரணம். பிரிந்துபோன பொருளும் பணமும் ஆளும் இங்கே மறுபடி ஓரிடத்தில் கூடுகின்றன. ஆகவேதான் கட்டணம் வேண்டியிருக்கவில்லை.

நேரில் சந்திக்காமல் பேநவ்வில் பணம் அனுப்பினால் நிலைமை தலைகீழ். அட்டையில் பணம் திரும்பும். பேநவ்வில் போன பணம் எளிதில் திரும்பாது. விற்பவருக்கு அது நிம்மதி. வாங்குபவருக்கு? பொருளே இல்லாமல் படத்தை மட்டும் காட்டிப் பணம் பறிக்கும் மோசடிக்காரர்கள் அட்டையை ஒதுக்கி இந்த வழியையே வற்புறுத்துவது காரணத்தோடுதான். இணையச் சந்தைகள் மோசடியை எவ்வளவு தடுக்கின்றன என்று மதிப்பிட்டுக் குறி வழங்கும் முறையை அரசு 2022இல் கொண்டுவந்தது. அதற்கு முன்பே, 2020ஆம் ஆண்டு ஜனவரி 28 முதல் நடைமுறைக்கு வந்த பணச்சேவைச் சட்டம், வணிகருக்காகப் பணம் பெற்றுத் தரும் தரகரையும் சிங்கப்பூர் நாணய வாரியத்தின் உரிமத்துக்கு உட்படுத்திவிட்டது.

எனவே கட்டணத்தை வெறும் பிடுங்கல் என்பதும் முழு உண்மையாகாது. முன்பின் அறியாதவரிடம் ஒருவர் 65 வெள்ளி அனுப்பத் துணிவது, மோசம் போனால் திரும்பக் கிடைக்கும் என்ற தைரியத்தால். அந்தத் தைரியம் இல்லாவிட்டால் லண்டன்காரர் ஏலத்தில் விலையே கேட்டிருக்க மாட்டார். அதே நேரத்தில், அந்தத் தைரியத்துக்கு நூற்றுக்கு மூன்று நான்கு நியாயமா என்ற கேள்வியை எழுப்பிய அரசுகள் உண்டு. ஆஸ்திரேலியா 2003இலேயே வங்கிகளுக்கிடைக் கட்டணத்தைக் கட்டுப்படுத்தியது. ஐரோப்பிய ஒன்றியம் 2015இல் நிறைவேற்றிய விதியால் அதற்கு உச்சவரம்பு வைத்தது: பற்று அட்டைக்கு 0.2 விழுக்காடு, கடன் அட்டைக்கு 0.3. இந்தியா 2020ஆம் ஆண்டு ஜனவரி முதல் ரூபே பற்று அட்டைக்கும் யுபிஐ முறைக்கும் வணிகரிடம் பிடிக்கும் கழிவையே நீக்கியது. வரம்பு வைத்த நாடுகளில் பரிசுப் புள்ளிகள் சுருங்கின என்பதையும் மறக்க வேண்டாம். பூக்கடைக்காரருக்கு மிஞ்சியது அட்டைக்காரருக்குக் குறைந்தது.

சிராங்கூன் சாலையில் இணையக் கடை வைத்திருப்பவர் செய்யக்கூடியது இவ்வளவே: நேரில் வந்து எடுத்துக்கொள்ளும் உள்ளூர்க்காரரிடம் பேநவ், பதினைந்து வெள்ளிக்குக் குறைந்த பொருள்களைச் சேர்த்துக் கட்டி ஒரே பட்டியலாக விற்றல், கடல் கடந்து போவதற்கு அட்டையும் பதிவு அஞ்சலும். ஏலத்தின் தொடக்க விலையைக் குறிக்கும்போது பொருளின் விலை, அஞ்சல், தளத்தின் பங்கு, தரகரின் பங்கு நான்கையும் ஒரு தாளில் எழுதி, 0.966ஆல் வகுத்துப் பார்த்த பிறகே படத்தை ஏற்ற வேண்டும்.